சேனைப் பூவுக்கு வந்த வண்டு

வால்பாறை மலை முகாம்
ஏப்ரல் 21, 2024

அன்புள்ள புகழ்,

நான் நலம். நீங்களும் அத்தையும் உங்கள் தங்கை மாளவிகாவும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே சிக்னல் கிடையாது. அரிசி ஏற்றி வரும் ஜீப்பில்தான் கடிதம் போகும், அதனால் தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் காட்டில் சேனைக்குச் சொந்தக்காரச் செடிகள் மூன்று வகை இருக்கின்றன. எது பூத்தாலும் செத்த எலி நாற்றம்தான். அந்த நாற்றத்துக்கு வருகிற ஒரே வண்டு மூன்றுக்கும் மகரந்தம் சுமக்கிறது. ஒன்று பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்கும், வண்டும் அங்கே போய்விடும். நம் ஊர்ச் சேனைக்கும் அதே வண்டுதான் வருகிறதா என்று தெரிந்துவிட்டால் என் வேலை முடிந்தது. ஆடிப்பெருக்குக்குக் குடவாசலுக்கே வந்துவிடுவேன்.

கொல்லையில் நான் நட்ட சேனை கோடை மழைக்குப் பூக்கும். பூ விரிகிற அன்று சாயங்காலம் உள்ளே விழும் வண்டுகளைப் பிடித்து, நான் வைத்துவிட்டு வந்த பாட்டிலில் போட்டு அனுப்புங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டாவது செய்யுங்கள். வருஷத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். தவறினால் இன்னும் ஒரு வருஷம் நான் இங்கே கிடக்க வேண்டும்.

உங்கள்
வானதி

குடவாசல்
மே 12

அன்பு வானதி,

உன் பூ பூத்தது. சீ, எழுதும்போதே குமட்டுகிறது.

மாளவிகாவைப் பெண் பார்க்க வலங்கைமானிலிருந்து வந்திருந்தார்கள். பெருச்சாளி செத்துக் கிடக்கிறதென்று அம்மா சாக்கடைப் பலகையெல்லாம் பெயர்க்க வைத்தார். பிறகுதான் கொல்லையில் உன் பூவைப் பார்த்தோம். வந்தவர்கள் கேசரியைத் தொடவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் பொத்திய மூக்கைக் காரில் ஏறும்வரை திறக்கவில்லை. “உன் பொண்டாட்டிக்கு உலகத்துல வேற பூவே கெடைக்கலையாடா?” என்று அம்மா கேட்டார். மல்லிகை, முல்லை என்று ஆராய்ச்சி செய்தால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

இருந்தாலும் நீ கேட்டதைத் தட்டவில்லை. மூன்று நாள் அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து வண்டு பிடித்தேன். பாட்டில் இத்துடன் வருகிறது. ஆடிக்கு வந்துவிடு.

புகழேந்தி

வால்பாறை மலை முகாம்
மே 26

புகழ்,

பாட்டிலை எல்லோர் முன்னாலும் திறந்தேன், என் வீட்டுக்காரர் அனுப்பியது என்று பெருமையாகச் சொல்லி. உள்ளே இருந்தது அரிசி வண்டு. நம் வீட்டு அரிசி டப்பாவில் ஊருமே, அதே மூக்கு நீண்ட கறுப்பு வண்டு. கூட வேலை பார்க்கும் ஸ்ரீவித்யா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

நெல் விளைகிற ஊரில் பிறந்து, இத்தனை வருஷம் சோறு தின்றவருக்கு அரிசி வண்டு எது என்று தெரியவில்லை. ஒரு நாளாவது முறத்தைத் தொட்டிருந்தால்தானே தெரியும். அந்தப் பூ ஒரு ராத்திரிதான் நாறும், மூன்று நாள் நாறாது. எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பூவை என்ன செய்தீர்கள்? பூ போனால் போகட்டும், உண்மையை எழுதுங்கள். எழுதினால் எப்படியாவது லீவு கேட்டு ஆடிக்கு வந்து போகிறேன்.

வானதி

குடவாசல்
ஜூன் 8

வானதி,

ஆமாம், வெட்டினேன். வந்தவர்கள் கிளம்பியதும் அரிவாளை எடுத்து ஒரே வெட்டு, வாய்க்காலில் எறிந்துவிட்டேன். அரிசி டப்பாவில் இருந்ததைத்தான் பாட்டிலில் போட்டேன். வண்டில் என்ன உசத்தி, தாழ்த்தி?

இதற்குப் போய் இவ்வளவு பேச்சா? காட்டில் பிடித்த வண்டில் நாலை எடுத்து, குடவாசலில் பிடித்தது என்று எழுதிவிடு. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நீ ஆடிக்கு வந்துவிடுவாய் என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது.

புகழேந்தி

வால்பாறை மலை முகாம்
ஜூன் 23

புகழ்,

வெட்டியதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நானே முதல் தடவை அந்தப் பூவிடம் போய் வாந்தி எடுத்தவள்தான். என்னையும் பொய் எழுதச் சொன்னீர்களே, அதைப் படித்ததும் எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கோபம் என்றால் பஸ் ஏறி வந்து சண்டை போட்டிருப்பேன். இது கோபம் இல்லை. இனி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்னால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

அடுத்த கோடை வரை இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் குடவாசலுக்கு வரமாட்டேன். அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள், ஏன் என்பதையும் சேர்த்து.

நீங்கள் கடிதம் எழுதினால் கிழித்துப் போடமாட்டேன். பிரித்துப் படிப்பேன். ஒரு வரியைக்கூட நம்பமாட்டேன்.

வானதி