சோறு வேகாத சமையல்காரர்கள்

ஐசே, பாரிஸ் லாச்சப்பலில் மரக்கறிக் கடைக் கண்ணாடிக் கதவில் உம்முடைய படம் இன்னும் ஒட்டியிருக்கிறது. வெயில் பட்டு முகம் வெளுத்துவிட்டது. மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே உங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் பெயர். இன்று முருங்கைக்காய் வாங்கப் போய்க் கதவைத் தள்ளும்போதுதான் கவனித்தேன், படத்தில் உம்முடைய தோளில் ஒரு கை இருக்கிறது. மணிக்கூடு கட்டிய கை. அது என்னுடையது. படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டார்கள், கையை வெட்ட முடியவில்லை, வெட்டினால் உம்முடைய தோளும் போயிருக்கும். உயிரோடு இருந்த காலம் முழுக்க நீர் என்னை வெட்டத்தான் பார்த்தீர். இப்போது உங்கள் ஆட்கள் பார்க்கிறார்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடித்தபோது உங்கள் கழகத்தின் புதுத் தலைவர் என்னிடமும் அரைப் பக்கம் கேட்டார். தெரியும்தானே, லெ பிளாங்-மெனிலில் வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் அந்தக் கோட்டு சூட்டுக்காரர். "நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ அண்ணை" என்றார். உம்மைப் பற்றி நல்லதாக எழுதுவதென்றால் கற்பனை வேண்டும், எனக்கு அது இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த மலரில் எழுதாததைத்தான் இப்போது எழுதுகிறேன். அச்சுக்குப் போகாதது, ஆகையால் பொய் தேவையில்லை.

அந்தப் படம் எடுத்த நாள் உமக்கு மறந்திருக்காது. அப்போது பாரிஸில் ஊருக்கு ஊர் உதைபந்தாட்டக் கழகம். கோடை ஞாயிறுகளில் சென் தெனிப் பக்கத்து மைதானத்தில் சுற்றுப்போட்டி. ஒரு கிண்ணத்துக்காக லண்டனிலிருந்தும் சுவிசிலிருந்தும் பெடியங்களை ரயில் ஏற்றிக் கொண்டுவந்து, காசு கொடுத்து, கழகங்கள் எல்லாம் வறண்டு போயின. அதனால் எல்லா ஊர்த் தலைவர்களும் உம்முடைய சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் கூடினோம். ஒரு கழகம் ஒரு பருவத்தில் தன் வீரர்கள் எல்லோருக்குமாக இவ்வளவுதான் கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு சதமும் கூடாது என்று ஓர் எல்லை. பிரெஞ்சில் பிளாபோன், அதாவது உட்கூரை, என்றீர், அந்தப் பெயரே நிலைத்தது. பருவம் முடிந்தால் எந்த வீரனுக்கும் சுதந்திரம். விரும்பினால் பழைய கழகத்தோடு மறுபடி கையெழுத்து வைக்கலாம், விரும்பினால் போகலாம். எழுதியது நீர். மிச்சக் காசை ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவோம் என்று குரல் தழுதழுக்கப் பேசியதும் நீர். எல்லோருக்கும் முட்டை வைத்த மிதிவெடி ரோல்ஸ் சுடச்சுட வந்தது. நான் உருகிப் போய் உம்முடைய தோளில் கை போட்டேன், யாரோ படம் எடுத்தார்கள்.

படியால் இறங்கும்போது என் காதுக்குள் சொன்னீர்: "பிளாபோன் முட்டுறது நெட்டையன்ர தலையில ஐசே. எனக்குக் குனியத் தெரியும்." நீர் கட்டை ஆள், பகிடி விடுகிறீர் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கோடையில் விளங்கியது. ஒப்பந்தத்தின் கடைசியில் ஒரு வரி வைத்திருந்தீர்: போட்டி நாள் சாப்பாட்டுச் செலவு இந்த எல்லைக்குள் வராது. அதை யார் கவனித்தது? போட்டி நாளில் ஆடும் சனத்துக்குச் சோறு போடுவதைக் கூடவா கணக்குப் பார்ப்பது என்று எல்லோரும் தலையாட்டினோம். உங்கள் கழகத்துக்குத் திடீரென்று மூன்று சமையல்காரர் வந்தார்கள். மூன்று பேரும் ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரர்கள். நடுவில் நின்று கத்துவதற்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு. கோட்டோடு கோடாக ஓடி, முதுகுக்குப் பின்னால் விழுகிற பந்தைத் திரும்பிப் பாராமல் எடுக்கிறவன்தான் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட மூன்று பேரை வளைத்துப் போட்டு, சமையல் சம்பளம் என்று எழுதி, பிளாபோனுக்குக் கீழே குனிந்து போய்விட்டீர். அந்த ஞாயிறு உங்கள் கூடாரத்தில் சோறு வேகவே இல்லை. சனம் அரிசியை மென்றுகொண்டு நின்றது. நீர் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றீர். சுழியன் ஐசே நீர், அசல் சுழியன்.

அதைக்கூட விட்டிருப்பேன். ஆனால் மூன்றாவது சமையல்காரன் ரூபன். என் ஊர்ப் பெடியன். எங்கள் கழகத்தில் சப்பாத்துக் கட்டத் தொடங்கியவன், நாங்கள் மறுபடி கையெழுத்து வாங்கக் காத்திருந்தவன். "அவன் என்ர ஊர்" என்று மைதானத்தின் நடுவில் வந்து உம்மோடு சண்டை பிடித்தேன். நீர் ஒரு கோழிக்காலைக் கடித்தபடி, "ஓம், உம்மட ஊர்தான். பிறந்தது அங்கை, ஓடுறது இஞ்சை" என்றீர். அதற்குப் பிறகு எத்தனை பருவம் போயிற்று! ஒவ்வொரு முறையும் அவனைத் திருப்பிக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவன் உம்மிடமே கையெழுத்து வைத்தான். உம்முடைய முகத்தைக் கண்டாலே எனக்குப் பித்தம் ஏறும். செத்த வீட்டிலும் ஏறியது, மறைக்கவில்லை.

என் மகன் போனில் அமெரிக்கப் பந்தாட்டம் பார்க்கிறவன். தலையில் சட்டி மாட்டிக்கொண்டு முட்டுகிறார்களே, அது. அங்கேயும் பிளாபோன் உண்டாம். ஓரத்தில் ஓடிப் பந்தை ஏந்துகிறவர்களுக்குத்தான் விலை அதிகமாம், ஒருவனைத் திருப்பி எடுப்பதற்காக இன்னொருவனை விடுகிறார்களாம். பிரெஞ்சில் விலாவாரியாக விளக்கினான். அங்கே சமையல்காரர் உண்டோ என்று கேட்டேன். "பப்பா, என்ன விசர்க் கதை" என்றான், அது மட்டும் தமிழில். அமெரிக்கனுக்கு மூளை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நீர் போன பிறகு கோட்டு சூட்டுக்காரர் தலைவரானார். உம்முடைய பெயரில் நினைவுக் கிண்ணம் என்று அறிவித்தார். கண்டறியாத கிண்ணம். சட்டையின் நெஞ்சில் உம்முடைய முகம், முதுகில் அவருடைய வீட்டு வியாபாரத்தின் பெயர், முகத்தைவிடப் பெரிதாக. அதே கிழமையில் ரூபனை நிறுத்திவிட்டார். முழங்கால் பழுதாம், சமையல் கணக்கு இனிக் கூடாதாம், பிளாபோனில் இடமில்லையாம், லண்டனிலிருந்து ஒருவன் வருகிறானாம்.

ரூபன் என்னைத் தேடி லாச்சப்பலுக்கே வந்தான். இந்தக் கடை வாசலில்தான் நின்றோம். அவன் உம்முடைய படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணை, அவர் எனக்குச் சொன்னவர், முழங்கால் போனாலும் உன்ர இடம் போகாது எண்டு. அவற்ர பேரில நடக்கிற மச்சில நான் வெளியில நிக்கிறதோ?"

"வா, எங்களோட ஆடு."

"சும்மா வரமாட்டன் அண்ணை. ஞாயிறு பார்சல் வேலையை விடவேணும். பாவம் பாத்துக் கூப்பிடுறதெண்டா வேண்டாம். ஆளாக் கூப்பிடுங்கோ."

என்னிடமும் இடமில்லை. இரண்டு ஓர ஆட்டக்காரர்களைத் திருப்பிக் கையெழுத்து வாங்கி, எல்லையின் விளிம்பில் நின்றேன். ஒருவனை நிறுத்தினால்தான் இவன். ஆர்ஜொந்தெயிலிருந்து பயிற்சிக்கு ரயில் மாறி மாறி வருகிற பெடியனை எந்த வாயால் நிறுத்துவது? இவனை விட்டாலோ, உங்கள் கோட்டு சூட்டுக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவரை நினைக்க எனக்கு உம்மைவிட வெறுப்பு வந்தது. நீர் பேராசையில் சட்டத்தை மீறினீர். அந்த மனிதர் சட்டத்தைக் காட்டி, பத்துக் கோடை உம்முடைய கழகத்துக்கு ஓடிய காலைத் தெருவில் விட்டார். உம்மைப் போன்ற ஓர் ஏமாற்றுக்காரருக்கு இப்படி ஒரு நேர்மையான வாரிசா?

தலைவர்கள் கூட்டத்தில் வீரர்களின் பெயர்களை வாசித்தோம். என் முறை வந்தது. ரூபன் என்றேன். கோட்டு சூட்டுக்காரர் நிமிர்ந்தார்.

"அண்ணை, உங்கட பிளாபோன் நிரம்பீட்டுது. இவருக்கு எதில குடுக்கப் போறியள்?"

"சமையலில," என்றேன்.

ஒரு கிழட்டுத் தலைவர் மேசையில் தட்டிச் சிரித்தார், மற்றவர்களும் தொடங்கினார்கள். "உது சரியில்லை" என்று கோட்டு சூட்டுக்காரர் எழும்பினார். "தம்பி, உது உங்கட கழகம் காட்டின வழி. நினைவுக் கிண்ணமெல்லே, அவரை நினைக்க வேண்டாமோ?" என்றேன். அவர் மறுபடி கதிரையில் இருந்துவிட்டார். இத்தனை வருடம் காறித் துப்பிய வேலையைத்தான் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். கை கூசவில்லை ஐசே, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

கிண்ண நாளன்று ரூபன் உங்கள் கழகத்துக்கு எதிராக, எங்கள் சட்டையில் இறங்கினான். முதல் பாதி முடியுமுன் முழங்கால் விட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன் ஒரு தடவை, கோட்டோடு ஓடி, பின்னால் விழுந்த பந்தைத் திரும்பிப் பாராமல் எடுத்தான். லண்டன்காரன் வாய் பிளந்து நின்றான். கோல் விழவில்லை, ஆட்டத்தில் தோற்றோம், அதை விடும். அவன் நொண்டிக்கொண்டு வெளியே வந்தபோது உங்கள் பக்கத்துச் சனமும் எழும்பிக் கை தட்டியது.

பிறகு பேச்சு. கோட்டு சூட்டுக்காரர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "அன்னார் விதிகளை உயிரிலும் மேலாக மதித்தவர், ஒப்பந்தத்தின் ஓர் எழுத்தையும் மீறாதவர்" என்று தொடங்கினார். நான் உம்முடைய மனுசிக்குப் பக்கத்தில் நின்றேன். ரூபன் தரையில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். அவ பேச்சைக் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டா. பிறகு என் பக்கம் சரிந்து, மெல்லக் கேட்டா:

"அண்ணை, உவர் ஆரைப் பற்றிச் சொல்லுறார்?"

எனக்குச் சிரிப்பு வெடித்தது. ரூபனுக்கும் வெடித்தது. அவவும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினா. சனம் திரும்பி எங்களை முறைத்தது. மைதானம் முழுக்க ஒரு நல்ல மனிதருக்காகத் துக்கப்பட்டது. உமக்காகத் துக்கப்பட்டது நாங்கள் மூன்று பேர்தான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணால் வழிந்தது, துடைக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எண்ண வேண்டாம். ரூபன் என் ஊர்ப் பெடியன், அதை நான் விடமாட்டேன். இந்தப் பருவமும் அவனைத் திருப்பிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஆட முடியாது, பெடியங்களுக்குக் கோட்டோரம் ஓடக் காட்டிக் கொடுக்கிறான். கணக்கில் இன்னும் சமையல்தான். போன ஞாயிறு உண்மையாகவே சட்டியை அடுப்பில் வைத்தான், சோறு வேகவில்லை. எல்லோரும் அரிசியை மென்றுகொண்டு என்னைப் பார்த்துத் திட்டினார்கள். நான் உம்மைத் திட்டினேன்.