முத்துமாரி சொன்ன பொய்

வைகாசி, செவ்வாய்க்கிழமை.

இன்று முத்துமாரி நான் வேலை பார்க்கும் தோல் கிளினிக்குக்கு வந்தாள். கோம்பைப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற பெண். முகவாயில் முளைக்கும் முடிக்காகச் சில மாதங்களாக என்னிடம் லேசர் வைத்துக்கொள்கிறாள். அடுத்த மாதம் கல்யாணம்.

முகத்தை மூடியிருந்த துப்பட்டாவை விலக்கினாள். போன வாரம் நான் லேசர் வைத்த இடமெல்லாம் கொப்புளம் உடைந்து கறுத்திருந்தது.

"வெயில்ல நின்னியான்னு அன்னைக்குக் கேட்டீகள்லக்கா. இல்லன்னு பொய் சொல்லிட்டேன். அறுப்பு நேரம், லீவு தர மாட்டேன்னுட்டாக. உங்க மேல குத்தமில்ல."

டாக்டர் மருந்து எழுதினார். கறுப்பு குறைய மாதக்கணக்கில் ஆகும் என்றார். முழுதாக மறையுமா என்று சொல்லவில்லை.

"மாப்ள வீட்டுல என்ன சொல்லுவாகளோ" என்றாள்.

அவள் சொன்னது பொய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தலைத்துண்டு மறைத்த நெற்றி வெளுத்தும், அதற்குக் கீழே முகம் கன்றியும் இருந்தது. வெயில் பட்ட தோலில் லேசர் வைக்கக் கூடாது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். கல்யாணத்துக்குள் முடித்துத் தரச் சொல்லிக் கெஞ்சினாள். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். லேசரை வைத்துவிட்டேன்.

இன்று அதைச் சொல்ல வாய் வரை வந்தது. டாக்டர் பக்கத்தில் நின்றார். சொல்லவில்லை. அவள் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே வெயில்ல போகாத ஆத்தா" என்று மட்டும் சொன்னேன்.

"நாளைக்கும் அறுப்பு இருக்குக்கா" என்றாள்.