கூலரில கசிவு நிண்டிட்டுது

யது,

நீ இன்னும் நித்திரை. எழுப்பினா திரும்பவும் சண்டை வரும் எண்டு எழுதி வைச்சிட்டு வேலைக்குப் போறன். குசினியில புட்டு மூடி இருக்கு, சாப்பிடு.

உன்ர தம்பி கஜதீபன்ர ரேஸ் காரைத் திருத்திப்போட்டன். கியர் ஒயிலைக் குளிராக்க அவன் தானே வாங்கிப் பூட்டின கூலரில, பைப் முனை வெடிச்சுக் கிடந்தது. புதுப் பைப்பும் வாஷரும் போட்டு எஞ்சினைக் கனநேரம் ஓடவிட்டன். கீழ விரிச்ச மட்டையில ஒரு சொட்டும் விழேல்லை.

"ஒழுகட்டும், அப்பதான் ஒருத்தரும் கொண்டுபோகமாட்டினம்" எண்டு நேற்று அழுதாய். எனக்கும் குடுக்க மனமில்லை. ஆனா ரேஸ் ஓடுற ஆளிட்டக் காரைக் குடுங்கோ எண்டு ஆசுப்பத்திரியில வைச்சு அவன்தானே கேட்டவன். ஓட்டத்துக்கு நடுவில ஒயில் ரயருக்குக் கீழ போனா கார் வழுக்கிப் பிரளும். ஓட்டப்போறவனுக்கும் ஒரு அக்கா இருப்பா, யது.

காரை எடுக்க வவுனியா ஆக்கள் மத்தியானம் லொறியோட வருவினம். கார்த் திறப்பு அலுமாரிக்கு மேல. உன்னால ஏலாட்டி ஃபோன் எடு, வாறன்.

சுகிர்தன்

இன்னுமொண்டு. எஞ்சின் சத்தம் கேட்டு மாமி முத்தத்துக்கு ஓடி வந்தவா. பெத்த மகன் செத்தது அவாக்கு இப்ப நினைவில நிக்குதில்லைத்தானே. "தம்பி வெளிக்கிட்டிட்டானோ?" எண்டு கேட்டா. "ஓம் மாமி, பின்னேரம் வருவான்" எண்டு சொல்லிப்போட்டன். லொறி போனாப்பிறகு கேட்டா, நீயும் அப்பிடியே சொல்லு.