மூன்று அபீர்

அன்பு மகன் வஜ்திக்கு,

உம்மாவின் சலாம். கைரவானில் நானும் உன் தங்கையும் நலம். தோஹாவில் உன் உடம்பையும் வேலையையும் அல்லாஹ் காக்கட்டும். பக்கத்து வீட்டு நிசார் புதன்கிழமை அங்கே வருகிறான். இந்தக் கடிதத்தையும் ஒரு பாட்டில் ஹரிஸா மிளகாய் விழுதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பேசும்போதெல்லாம் அபீர் பக்கத்திலேயே இருக்கிறாள். என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுமையாகப் படி.

வாப்பா மவுத்தான பின் நான் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வாப்பா படுக்கும் பக்கம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க முடியாமல் துவைத்த துணியை அங்கே குவித்துவைக்கிறேன். மடித்து எடுத்தால் மறுபடி வெறுமையாகிவிடும் என்று மடிப்பதும் இல்லை. அபீர் திட்டுகிறாள். அது கிடக்கட்டும். நல்ல செய்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவள் கல்லூரியில் கம்ப்யூட்டர் மன்றம் இருக்கிறதல்லவா, அதன் தலைவர் தேர்தலில் அபீர் நின்றாள். அவளாக நிற்கவில்லை. அவள் கூட்டாளி உன்ஸ் என்பவள்தான் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். அபீர் என்னிடம், "ஜெயிச்சா படிப்பேன். தோத்தா அண்ணன் சொன்ன மாதிரி மருந்துக்கடை வேலைக்குப் போயிடுவேன். நீங்க குறுக்க பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். இன்னும் ஒரே வருடப் படிப்பு. அன்றிலிருந்து என் துஆவில் வேறு எதுவும் இல்லை.

நான் வெளியே போகக் கூடாது என்பதால் தேர்தல் நம் அடுக்களைக்கு வந்துவிட்டது. எதிரே நின்றவன் ஹைதம், மக்ரூத் கடைக்காரர் மகன். பெட்டி பெட்டியாகப் பேரீச்சம்பழ மக்ரூத் கொடுத்தானாம். நான் சும்மா இருப்பேனா, மிளகாய் வைத்த ரொட்டி சுட்டு அனுப்பினேன். உன்ஸ், "உம்மா, இனிப்பு தின்னவன் தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவான், காரம் தின்னவன் உங்களை மறக்க மாட்டான்" என்றாள். சுவரில் ஒட்டும் தாளை என்னிடம் காட்டினார்கள். என் மகள் பெயருக்கு முன்னால் மூன்று என்று எண் போட்டிருந்தது. "ஏண்டி, ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடியே மூணாவது இடமா" என்று கேட்டேன். எல்லோரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். பிரெஞ்சு எழுத்தில் நம் அரபிப் பேச்சை எழுதும்போது, அபீர் பெயரின் முதல் எழுத்தான 'ஐன்' வரும் இடத்தில் மூன்றைப் போடுவார்களாமே. உனக்குத் தெரிந்ததுதான், எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அந்த மூன்றுதான் வம்பு செய்தது. ஓட்டு வாங்கும் புரோகிராமை எழுதிய பையன் பெயர்களை வரிசையாகக் காட்ட மறந்துவிட்டான். பிள்ளைகள் அவரவர் கையால் பெயரைத் தட்டினார்கள். சிலர் மூன்று போட்டு அபீர் என்று எழுதினார்கள், சிலர் மூன்று போடாமல், சிலர் அரபியில். கம்ப்யூட்டர் அவளை மூன்று பேராக எண்ணிவிட்டது. ஹைதமுக்கு அறுபத்தொன்று. நம் அபீர்களுக்கு ஐம்பத்திரண்டு, இருபத்தேழு, எட்டு. உன்ஸ் சண்டைக்குப் போனாள். கல்லூரிப் பதிவில் இருக்கிறபடி மூன்று போடாமல் எழுதிய ஓட்டுதான் செல்லும், விதி விதிதான் என்று ஹைதமின் ஆட்கள் சொன்னார்களாம்.

அபீர் வீட்டுக்கு வந்து பையைக் கதவோரம் வைத்தாள். "தோத்தா தோத்ததுதான், கெஞ்ச மாட்டேன்" என்றாள். மறுநாள் மருந்துக்கடைக்குப் போகச் சட்டையும் இஸ்திரி போட்டாள். வாப்பாவின் பிடிவாதம் அப்படியே.

அன்று சாயங்காலமே உன்ஸிடம், "ஹைதம் இன்னும் துக்கம் விசாரிக்க வரலன்னு உம்மா சொன்னாங்கன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். வெட்கப்பட்டுக்கொண்டு உடனே வந்தான். நல்ல பிள்ளைதான். வாப்பாவுக்காக ஓதினான். காபி கொடுத்துவிட்டு, "என் மவ நம்பர் உன் போன்ல இருக்கா" என்று கேட்டேன். இருக்கிறது என்றான். "என்ன பேருல போட்டிருக்க, காட்டு" என்றேன். எடுத்துப் பார்த்தவன் காது சிவந்துபோனது. மூன்று போட்டுத்தான் வைத்திருக்கிறான்.

"நீ கூப்பிடும்போது வர்ற அபீரு, ஓட்டு எண்ணும்போது மட்டும் வேற ஆளா? நான் ஒருத்தியைத்தான் பெத்தேன் தம்பி" என்றேன்.

போனைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு அவனே சிரித்துவிட்டு, "உம்மா, மூணு பேரோட ஒத்தையா மோதி முதல்ல வந்திருக்கேன், அதையாவது பாராட்டுங்க" என்றான். பாராட்டினேன், ரொட்டியும் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை கூட்டம் கூட்டி, மூன்று அபீரின் ஓட்டுகளையும் சேர்த்து எண்ணுங்கள் என்று அவனே எழுந்து சொல்லியிருக்கிறான். அபீர் அப்போது மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாளாம். உன்ஸ் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மத்தியானம் நாற்பது பிள்ளைகள் நம் சந்தில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். வாப்பா போன பிறகு அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்தாள். தலைவரானதும் ஹைதமையே துணைத்தலைவராக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லோரும் போன பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். "அண்ணனுக்குத் தெரியுமா உம்மா?" அவ்வளவுதான். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மகனே, வாப்பாவின் மய்யித்தை எடுத்த அன்று, நீ வராததைக் குத்தி அவள் போனில் உன்னிடம் சொன்ன வார்த்தை தப்புதான். உனக்கு லீவு கிடைக்காததை நான் அறிவேன், இப்போது அவளும் அறிவாள். நீ படிப்பை நிறுத்தச் சொன்னதும் எங்கள் மீதுள்ள கவலையால்தான். இருவருமே அழுதுகொண்டு பேசிய பேச்சு அது. நாலு மாதமாக இரண்டு பேரும் என்னிடம் மட்டுமே பேசுகிறீர்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் என்னிடமே விசாரிக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. அவளுக்கும் அன்று மதியம் வகுப்பு இல்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் என் போனுக்கு அடி. என் கையெல்லாம் மாவாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அவள்தான் எடுப்பாள்.

உன் நல்வாழ்வுக்குத் துஆ செய்யும்
உம்மா