வளைந்த கரண்டியும் உன் கட்டைவிரலும்

என் கோணல் எழுத்தைப் பார்த்து நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். வரி மேலே ஏறும், கீழே இறங்கும், சில எழுத்துகள் கொம்பில்லாமல் நிற்கும். என் விரல்களில் பேனா இருக்கிறதா நழுவுகிறதா என்று எனக்குத் தெரிவதில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்கிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகிறது. ஆகட்டும், எனக்கு வேறென்ன வேலை?

இன்று காலை மருமகள் பரணைச் சுத்தம் செய்தாள். பழைய இரும்புக்காரனுக்குப் போட ஒதுக்கிய குவியலில் நம் கரண்டி கிடந்தது. நீ சமையலறையிலிருந்து எடுத்து வந்து, நான் கழுத்தை வளைத்த அதே எண்ணெய்க் கரண்டி. "கழுத்து கோணிப் போச்சுங்க மாமா, எதுக்கும் ஆகாது" என்றாள். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். இப்போது காற்றில் பறக்காமல் இந்தத் தாளை அமுக்கிப் பிடித்திருப்பது அதுதான்.

மாதா கோவிலுக்குப் பின்னால் முதியோர் வகுப்பு நடக்கிறது. நீ போன பிறகு அங்கேதான் எழுதப் படித்தேன். பக்கத்தில் உட்காரும் கிழவன், "இத்தன வயசுக்கு மேல எந்த ஆபீசுல கையெழுத்துப் போடப் போற?" என்று கேட்டான். எந்த ஆபீசுக்கும் இல்லை, என் பெண்டாட்டிக்கு எழுதப் போகிறேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

இந்த விரல்களின் கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுத முடிகிறதே என்ற சந்தோஷத்துக்காகவாவது எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சியபோது கொதிக்கிற பாகு இரண்டு கைகளிலும் கொட்டியது. தோல் வளர்ந்தது, உணர்ச்சி திரும்பவில்லை. ரேகைகூட இல்லை. கைநாட்டு வைத்தால் வெறும் மை அப்பியிருக்கும், குமாஸ்தா திட்டுவார். அந்தக் கையோடு பாலக்கோடு ரோட்டில் நான் மோட்டார் சைக்கிள் ஷெட் போட்டேன். அறுபதுகளின் கடைசி அது. ஸ்பேனர் பிடிப்பதில் எனக்குச் சிரமமில்லை. இஞ்சினில் காற்று அழுத்தம் குறைந்து வருகிற வண்டிதான் என்னை அழவைத்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கிக்கரை உதைக்க வேண்டும். நல்ல இஞ்சின் என்றால் உள்ளே இருக்கும் காற்று விரலைத் தள்ளி எறியும். என் விரலுக்குத் தள்ளுவதும் தெரியாது, தள்ளாததும் தெரியாது.

ஒரு மதியம் நீ சோற்றுப் போசியோடு வந்தாய். நான் உதைத்து உதைத்து ஓய்ந்து உட்கார்ந்திருந்தேன். போசியைக் கீழே வைத்தாய், வளையலை முழங்கைக்கு ஏற்றினாய், விரலை வைத்தாய். "ஒதைங்க" என்றாய். உதைத்தேன். "லேசாத்தான் தள்ளுது. சீக்காளி மூச்சு மாதிரி இருக்குது" என்றாய்.

அன்றிலிருந்து என் விரல் நீ. பிளக் ஓட்டைக்கு வாகாகக் கழுத்தை வளைத்த அந்தக் கரண்டியால் ஆயில் விட்டு மறுபடி உதைப்போம். இப்போது காற்று நன்றாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆயில் அந்த இடுக்கை அடைத்திருக்கிறது. அப்போதும் தள்ளாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இதை நான் உனக்குச் சொன்னேன். சீக்கிரமே நீ எனக்குச் சொல்ல ஆரம்பித்தாய்.

ரோட்டில் போகிறவர்கள் 'பொம்பள ஷெட்' என்றார்கள். நான் முறைப்பேன். நீ தலைகூட நிமிர மாட்டாய்.

அப்புறம் செங்கல் சூளைக்காரர் வந்தார். ஷெட் நின்ற இடம் அவருடையது. அவருடைய பெரிய வண்டி காலையில் முதல் உதையில் கிளம்பும், புலிகரை தாண்டுவதற்குள் நின்றுவிடும், பிறகு கிக்கர் காலியான உரலில் உலக்கை இறங்குகிற மாதிரி இறங்கும். நீ எழுந்து வந்ததும் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பொம்பள கை பட்டா என் வண்டி வௌங்காது. அவள வூட்டுக்கு அனுப்பு."

"அவ தொடலன்னா நானும் தொடலீங்க" என்றேன்.

"அப்ப சந்தை முடிஞ்சதும் ஷெட்டப் பிரிச்சிடு."

வண்டியை டவுனுக்குக் கொண்டுபோனார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நீ நன்றாகச் சாப்பிட்டாய். பிரித்தால் கம்பைநல்லூர்ப் பக்கம் போய்ப் போடலாம், அங்கேயும் வண்டிகள் நிற்கத்தானே செய்யும் என்றாய்.

சந்தைக்கு முன்னாலேயே அவர் திரும்பி வந்தார். ரிங் மாற்றியாகிவிட்டது, சிலிண்டரைக் கடைந்து போரும் போட்டாகிவிட்டது, வண்டி மட்டும் அதே இடத்தில் நிற்கிறதாம். "பாரு, ரெண்டு பேருமே பாருங்க. கண்டுபிடிக்கலன்னா நாளைக்கே எடம் காலியாகணும்" என்றார். நீ விரலை வைத்தாய். நான் உதைத்தேன். காற்று உன் விரலைத் தூக்கி எறிந்தது. குறையே இல்லை. சூளைக்காரர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "உன் பொண்டாட்டிக்கு ஓடுதாம். எனக்குத்தான் நிக்குதாம்."

எனக்கு ஷெட் கூரை கண் முன்னால் பிரிந்தது. நீ அவரைப் பார்த்து முதல்முறையாக நேரடியாகப் பேசினாய்.

"ஆறிப்போன வண்டியத்தான் எல்லாரும் பாத்திருக்காங்க. நிக்கிற வரைக்கும் இங்கயே சுத்தி ஓட்டுங்க. சூட்டுல பாக்கணுங்க."

அவர் முனகிக்கொண்டே ஷெட்டுக்கும் மேட்டுக்குமாக ஓட்டினார். கடைசியில் நம் வாசலிலேயே வண்டி உயிரை விட்டது. நான் துணியைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றினேன். இஞ்சின் தோசைக்கல்லாகக் கொதித்தது. விரலில் துணி சுற்றிக்கொள் என்றேன். "துணி வெச்சா காத்து தெரியாதுங்க" என்று சொல்லி வெறும் விரலை வைத்தாய். உதைத்தேன். உன் உதடு மடிந்தது, கை நகரவில்லை.

"தள்ளவே இல்ல. ஆயில் ஊத்துங்க."

ஊற்றினேன். மறுபடி வைத்தாய். அப்போதும் தள்ளவில்லை. அடுத்த உதைக்கு நீ சைலன்சர் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தாய். உள்ளே 'ஸ்' என்று காற்று ஓடுவது எனக்கே கேட்டது. புகை போகும் வால்வு மூடவில்லை. பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். வால்வை ஏற்றி இறக்கும் கம்பியை இரண்டு விரலால் திருகிப் பார்த்தாய். மூடிய வால்வென்றால் அது லேசாகச் சுழல வேண்டும். அசையவில்லை.

"டிக் டிக்னு சத்தம் வரக்கூடாதுன்னு இறுக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டாய்.

அவர் தலையாட்டினார். எங்கே போனாலும் அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். இறுக்கிய கம்பிக்குச் சூட்டில் இடம் போதாமல், வால்வு திறந்தபடியே நின்றிருக்கிறது. ஆறவைத்து, வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, கம்பியைத் தளர்த்தினோம். கிளம்பியதும் டிக் டிக் என்றது. அவர் முகம் சுளித்தார்.

"இந்தச் சத்தம் இருக்கட்டுங்க. இருந்தாத்தான் உங்க வண்டி ஓடும்" என்றாய், கொப்புளம் வந்த விரலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே.

புலிகரை தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். வண்டியை அணைக்காமலே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஷெட்டு இருந்துட்டுப் போகட்டும். ஆனா நீதான் கண்டுபிடிச்சேன்னு சொல்லு." சரி என்று தலையாட்டியிருந்தால் நல்லது என்று பலர் சொன்னார்கள். நான் நேரே டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உன்னைச் சொன்னேன். சூளைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் ஷெட்டைப் பிரிக்கச் சொல்லவில்லை. அப்புறம் கம்பைநல்லூரிலிருந்துகூட 'பொம்பள ஷெட் எதுங்க' என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நீ உள்ளேயிருந்து, "இதுதான், வாங்க" என்பாய்.

இப்போது ஷெட் மகனிடம் இருக்கிறது. அவன் பெயரைப் போட்டுப் பளபளவென்று போர்டு வைத்திருக்கிறான். வைக்கட்டும். அழுத்தம் குறைந்த வண்டி வந்தால் அவனும் சூட்டில்தான் பார்க்கிறான், உன்னிடமிருந்து வந்த பழக்கம். எனக்கு இந்தக் கரண்டியும் அந்த டிக் டிக்கும் மிச்சம். ரோட்டில் அப்படி ஒரு வண்டி போனால் நின்று கேட்டுவிட்டுத்தான் நடக்கிறேன்.

நேற்று சாக்பீஸ் எடுத்துப் போய், போர்டுக்குக் கீழே கதவில் உன் பெயரை எழுதினேன். வகுப்பில் நான் முதலில் கேட்டுக் கற்றுக்கொண்ட பெயர். இந்தத் தாளில் எழுத மாட்டேன். ரோட்டில் போகிறவர்கள் படிக்க வேண்டிய பெயர் அது. "மழ வந்தா அழிஞ்சிடும்பா" என்றான் மகன்.

அழியட்டும். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன்.