ஜூடித் அக்காவுக்குக் கேட்காத பட்டன்கள்

12 ஜூன் 2001, செவ்வாய். குன்னூர்

மதியம் சாப்பிடப் போகும்போது ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் அறை முழுக்க மூடுபனி. அதற்குள் என் பட்டன் மட்டும் பச்சையாக மிதந்துகொண்டிருந்தது. மவுஸைப் பக்கத்தில் கொண்டுபோனால் மெல்ல வெளுக்கும், விலக்கினால் மறுபடி பச்சையாகும். ஓரமெல்லாம் வளைவு. சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் எழுதியது. இணையத்திலிருந்து இறக்கிய ஒரு டூல்கிட் புள்ளி புள்ளியாக வரைந்து தருகிறது. வேலையை விட்டுவிட்டு அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியம்தான்.

இது மெசேஜ் டெஸ்க் புரோகிராம். எங்கள் எஸ்டேட்டுகளுக்கெல்லாம் வரும் போன் முதலில் இந்த குரூப் ஆபீஸுக்குத்தான் வரும். யார், எந்த எஸ்டேட்டுக்கு, என்ன விஷயம் என்று பதிந்து அனுப்ப வேண்டும். இதுவரை அதையெல்லாம் தலைக்குள்ளேயே பதிந்து வைத்திருந்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜூடித் அக்கா. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ‘ஹலோ’ என்று பாதி சொல்லும்போதே யாரென்று சொல்லிவிடுவாள்.

தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடக்கிறது. ஆபீஸில் ஆள் குறைக்கிறார்கள். மேனேஜர் நஞ்சப்பன் சார் இன்று அக்காவையும் என்னையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் கல்கத்தாவிலிருந்து டைரக்டர் வருகிறார். அதற்குள் அக்கா இந்த மெசேஜ் டெஸ்கைத் தனியாக ஓட்டிக் காட்டினால் அவள் வேலை நிலைக்கும். இல்லையென்றால் எக்ஸ்சேஞ்ச் ஆட்டோமேட்டிக், அக்கா வீட்டுக்கு.

“அதுக்கென்னுங்க சார், கத்துக்கிட்டாப் போச்சு” என்றாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

18 ஜூன், திங்கள்

அக்காவின் பள்ளித் தோழி கோயமுத்தூரிலிருந்து ஒரு சிடி அனுப்பியிருக்கிறாள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். ஏதோ வெள்ளைக்காரத் துரைக்கு மூக்கடைத்த மாதிரிக் குரல். நோட்பேடைத் திறந்தேன், படித்தான். ஃபைல் மெனு, படித்தான். அக்கா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

பிறகு என் புரோகிராமைத் திறந்தேன். “விண்டோ” என்றான். அவ்வளவுதான். டேப் விசையை அழுத்தினேன், மூச்சே இல்லை. என் பச்சைப் பட்டன் வெளுத்து, பச்சையாகி, வெளுத்து...

அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கேட்டாள்: “ஏன் அம்மணி, உள்ள ஆளே இல்லியா?”

19 ஜூன்

சி ப்ளஸ் ப்ளஸ்ஸின் குற்றமா?

23 ஜூன், சனி

சும்மா ஒரு சோதனைக்கு விஷுவல் பேசிக்கில் ஒரு சின்னப் படிவம் போட்டேன். அரைநாள் வேலைகூட இல்லை. பேசிவிட்டது! “பட்டன், சேவ்” என்று துரை சொன்னதும் அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. சின்னப் பிள்ளைகள் விளையாடும் மொழி என்று கல்லூரியிலிருந்தே இளக்காரம் எனக்கு.

சி ப்ளஸ் ப்ளஸ் கம்பைலர் எங்கம்மா மாதிரி. வாசல் தாண்டுமுன்னே தலைமுதல் கால்வரை குறை சொல்லித் தீர்த்த பிறகுதான் வெளியே விடும். விஷுவல் பேசிக் என் தோழிகள் மாதிரி. “வாடி போலாம்” என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டு, நடுரோட்டில் நின்று “ஐயோ, சேலைல பின் குத்தலையா?” என்று கேட்கும். எனக்கு அம்மாவிடம் திட்டு வாங்கித்தான் பழக்கம்.

2 ஜூலை, திங்கள்

மொழி இல்லை! மொழி காரணமே இல்லை!

விஷுவல் பேசிக் படிவம் பார்க்க மொட்டையாக இருந்ததால் பளபளவென்று ஒரு பட்டனை வாங்கிச் செருகினேன். துரை மறுபடி ஊமை. சரி என்று அதே சி ப்ளஸ் ப்ளஸ்ஸில், டூல்கிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, விண்டோஸிடமே “ஒரு பட்டன் கொடு” என்று கேட்டு வாங்கி வைத்தேன். பேசினான்!

இத்தனை வருஷம் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மொழி என்பது நான் எப்படிச் சொல்கிறேன் என்பது. கம்பைலர், சொன்னதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது. டூல்கிட் வேறு சங்கதி. ஜனங்கள் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று அதுதான் முடிவு செய்கிறது. கேட்டு வாங்கின பட்டனை விண்டோஸுக்குத் தெரியும். இது பட்டன், இதன் பெயர் இன்னது என்று துரை கேட்டால் சொல்லும். வரைந்த பட்டனைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. எழுத்தைக்கூட அந்த டூல்கிட் படமாகத்தான் வரைகிறது. சுவரில் கதவை வரைந்துவைத்துவிட்டு, ஏன் திறக்க மாட்டேன் என்கிறது என்று இத்தனை நாள் முட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் பெட்ஃபோர்டு வரை நடந்தேன். எதிரில் வருகிறவர் முகம் தெரியவில்லை, பேச்சு மட்டும் வந்தது. அக்காவுக்கு எப்போதும் இப்படித்தானா? இல்லை, அவள் பனியில் என்னை மாதிரித் தயங்கித் தயங்கி நடக்கிறதில்லை.

6 ஜூலை, வெள்ளி

பட்டனாவது தமிழில் இருக்கட்டுமே என்று ‘அனுப்பு’ என்று எழுதினேன். துரை என்னவோ புர்ர், ஸ்ர்ர் என்று தும்மினான்.

“இவனுக்குச் சளி புடிச்சுப்போச்சாட்ட இருக்குது” என்றாள் அக்கா.

சிரிப்பாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. தமிழ் எழுத்துரு வெறும் வேஷம். உள்ளே கிடப்பதெல்லாம் என்னவோ ஐரோப்பிய எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கண் ஏமாறும், காது ஏமாறாது. பட்டனெல்லாம் இங்கிலீஷுக்கே மாறியது.

11 ஜூலை, புதன்

நஞ்சப்பன் சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“நல்லா ரோசனை பண்ணுங்க ராஜப்ரியா. அந்தம்மா அதைத் தானா ஓட்டிக்கிச்சுன்னா, கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்குன்னு கேப்பாங்க. ரெண்டு பேரை வெச்சுக்க இப்ப முடியாதுங்க.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “அந்தப் பச்சைப் பட்டன் போட்டது நல்லாத்தானுங்களே இருந்துச்சு? டைரக்டருக்கு அதையே காட்டிப்போடலாமுங்க.”

கெட்ட மனுஷர் இல்லை. யாராவது ஒருத்தியை அனுப்பியாக வேண்டும், அவருக்கும் அது பிடிக்கவில்லை.

ஆனா நான் என்ன பண்றது? பச்சைப் பட்டனை வெச்சா யாரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது. புரோகிராம் ஓடுது, அழகா இருக்குது. ‘அந்தப் பேசற சாஃப்ட்வேர்தாங்க சரியில்ல’ன்னா முடிஞ்சுது. அக்காகூட நம்பிருவா. அக்காதான் மொதல்ல நம்புவா! எனக்கு மட்டும் வேலை வேண்டாமா? கீழ கோயமுத்தூருக்குப் போனா அம்மா ஜாதகக் கட்டைத் தூக்கி மடியில வெச்சுக்குவாங்க. இந்த அறை, இந்த ஜன்னல், இந்தப் பனி, எல்லாம் போயிரும். நான் ஏன் போகணும்?

14 ஜூலை, சனி

மழை. பச்சைப் பட்டனைத் திறந்து பார்த்தேன். அழகுதான்.

17 ஜூலை, செவ்வாய்

கனவு. சாம்பல் நிறத்தில் பெரிய விண்டோ ஒன்று, தலைப்பு இல்லை, ஓரம் இல்லை. நான் உள்ளே நிற்கிறேன். வெளியே அக்கா டேப் அழுத்திக்கொண்டே போகிறாள். ஒவ்வொரு அழுத்துக்கும் “இங்கே இருக்கேன்க்கா” என்று கத்துகிறேன். அவள் முகம் திரும்பவே இல்லை.

ஆபீஸ் போனதும் அந்த டூல்கிட்டை அழித்தேன். அழித்துவிட்டு அழுதேன், அதையும் எழுதிவைக்கிறேன். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் “நிறுத்திப்போடு அம்மணி” என்பாள். நிறுத்தியும் விடுவேன் நான்.

26 ஜூலை, வியாழன்

சண்டை. நான் படிவத்தில் பெயரை முதலில் வைத்திருந்தேன், பிறகு நம்பர், கடைசியில் எஸ்டேட்.

“இதென்ன வரிசை? பேரைக் கேட்டுட்டு இருக்கறப்பவே லைன் போயிருச்சுன்னா?” என்று எகிறினாள். மழைக்காலத்தில் லைன் எந்த நிமிஷம் அறுந்துபோகும் என்று சொல்ல முடியாதாம். எஸ்டேட் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரியாம், அங்கே கேட்டு யார் கூப்பிட்டது என்று பிடித்துவிடலாமாம்.

“மவுஸ்ல எங்க வேணா அமுக்கிக்கலாமே, வரிசை எதுக்கு?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“எந்த மவுஸ்?” என்றாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். எஸ்டேட், ஆள், நம்பர், விஷயம், சேவ் என்று மாற்றிப் போட்டேன். டேப், டேப், டேப் என்று அவள் விரல் போனபோது பேச்சும் விரலும் ஒன்றாகவே போயின. படிவம் மொத்தமும் சாம்பல் நிறம், சதுரம், அவலட்சணம். எனக்கு என்னவோ கொஞ்சம் பிடித்திருந்தது.

28 ஆகஸ்ட், செவ்வாய்

டைரக்டர் வந்தார். திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பழைய காலத்துப் புரோகிராம் மாதிரி இருக்கிறதே என்று இங்கிலீஷில் சொன்னார். நஞ்சப்பன் சார் என்னைப் பார்க்கவே இல்லை.

அதற்குள் போன் அடித்தது. அக்கா ஒரு காதில் ரிசீவர், ஒரு காதில் துரை. “எந்த எஸ்டேட்டுங்க?” டேப். எமரால்டு பக்கத்துத் தேயிலை ஃபாக்டரியில் பாய்லர் நின்றுவிட்டது, மெக்கானிக்கை உடனே அனுப்ப வேண்டும். பேசப் பேச விரல் போனது. விஷயம் முடியுமுன்னே கரகரவென்று லைன் அறுந்தது. அக்கா அசரவில்லை. சேவ். அடுத்த போன் மெக்கானிக்குக்குப் போனது.

டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்.

அக்கா வேலை நிலைத்தது. என் வேலை இந்த மாதத்தோடு சரி.

31 ஆகஸ்ட், வெள்ளி

கேன்டீனில் எனக்குக் கேக் வெட்டினார்கள். அக்கா வரவில்லை. லைன் ‘பிசி’யாம்! எக்ஸ்சேஞ்ச் வாசல் வரை போனேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியாதா? ஊரில் எல்லாச் சத்தமும் தெரியும். திரும்பவில்லை.

போகட்டும். நன்றின்னு ஒரு வார்த்தை! ஒத்தை வார்த்தை! அதுக்குக்கூட நான் லாயக்கில்லையா?

மலையிறங்கும் பஸ்ஸில் பர்லியாறு வரை அழுதேன். அதன் பிறகு வெயில் வந்துவிட்டது.

9 அக்டோபர் 2001, செவ்வாய். கோயமுத்தூர்

வேலை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜாதகம் மடிக்கு வந்துவிட்டது.

பதினொரு மணி வாக்கில் போன். அம்மா எடுத்து, “யாரோ குன்னூர்ங்கறாங்க” என்று நீட்டினாள்.

“அம்மணி” என்றது குரல். பேசக் கூடாது என்று இருந்தேன்.

“வெச்சுராதே. சித்தெ இரு. உன்ரகிட்ட ஒண்ணு சொல்லோணும்.” பின்னால் துரை எதையோ படித்துக்கொண்டிருந்தான். “உன்னைத்தான் அனுப்பப் போறாங்கன்னு எனக்கு ஜூலையிலயே தெரியும். மேனேஜர் கல்கத்தாக்குப் பேசுனது என்ர போர்டு வழியாத்தானே போச்சு? எல்லாத்தையும் கேட்டுப்போட்டேன். உன்ரகிட்டச் சொன்னா நீ எழுதறதை நிறுத்திப்போடுவியோன்னு பயம். அதுனால வாயே தொறக்கலை. கேக் வெட்டறப்ப என்ன மூஞ்சியை வெச்சுட்டு வர்றது, சொல்லு?”

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. இத்தனை நாளும்! பக்கத்தில் உட்கார்ந்து, வரிசை சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு!

“எனக்கும் ஜூலையிலயே தெரியும்க்கா” என்றேன். “சார் என்கிட்டயே சொன்னாரு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

“தெரிஞ்சுமா எழுதுனே?” என்றாள்.

அங்கே இன்னொரு போன் அடித்தது. “இரு அம்மணி” என்று ரிசீவரை மேசையில் வைத்தாள். மழை பெய்கிறது போல, தகரத்தில் கொட்டும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “எந்த எஸ்டேட்டுங்க?” என்றாள். டேப். துரை சொன்னான். டேப். கூப்பிட்ட ஆள். டேப். நம்பர். இங்கே கோயமுத்தூர் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். “பட்டன், சேவ்” என்றான்.

அதற்குப் பிறகு அடுத்த போன், அதற்குப் பிறகு இன்னொன்று. என் லைனை அவள் துண்டிக்கவில்லை. மறந்துபோய் லைனைத் திறந்துவைக்கிற ஆள் இல்லை அவள். “யாருடி, இவ்வளவு நேரம்?” என்று அம்மா கேட்டாள். நான் கையைக் காட்டி, சும்மா இருக்கச் சொன்னேன்.