மூன்று வயலுக்கு ஆறு மணித்தியாலத் தண்ணீர்

துணுக்காய்
03.06.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் நலமில்லை என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதை நுளம்பு வலைக்குள் ரோச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நாளைக்கு அம்மா பஸ்ஸில் போட்டுவிடும் பார்சலில், மிளகாய்த்தூள் டப்பாவின் அடியில் இருக்கும். தும்மிக்கொண்டே வாசியுங்கள். போனில் சொல்லலாம் என்றால், அது எந்த நேரமும் அப்பாவின் சட்டைப் பையில். கதைத்தாலும் ஸ்பீக்கரில்தான்.

நீங்கள் பெறுபேற்றுத் தாளைப் படம் எடுத்து அனுப்பினீர்கள். "யது வாசிச்சுச் சொல்லுவாள் அப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். வீட்டில் ஆங்கிலம் வாசிப்பது நான்தானே. ஏழு பாடம் சித்தி. எட்டாவது, புள்ளியியல் பொறிமுறை, சித்தியில்லை. அப்பா வாய்க்காலில் இருந்து வந்த சேற்றுக் காலோடு வாசலில் நின்றார். "என்னடி, எல்லாம் பாஸோ?" என்று கேட்டார். "ஓம் அப்பா" என்றேன். யோசிக்கமுதல் வாய் சொல்லிவிட்டது.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வயல்காரர் கூடும் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் அப்பா எழும்பி எல்லாருக்கும் சொல்லிவிட்டார். கைதட்டினார்களாம். அப்பா செயலாளர் என்றாலும் அவர் எழுத்து கோழி கிளறியது போல. கூட்டறிக்கைக் கொப்பியில் எழுதுவது நான். "செயலாளரின் மூத்த மகள் செல்வி சி. பிரியந்தினி பல்கலைக்கழகப் பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்தமைக்குச் சபை பாராட்டுத் தெரிவித்தது." இதை என் கையால் எழுதினேன் அக்கா.

15ஆம் திகதி அடுத்த கூட்டம். முதலில் போன அறிக்கையை வாசித்துச் சரி என்று உறுதிப்படுத்துவார்கள். அப்பா கையெழுத்து வைப்பார். பொய்க்குக் கீழே அவருடைய கையெழுத்து.

நான் கணிதப் பிரிவு எடுத்தபோது அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "மூத்தவள் தாண்டட்டும், பிறகு நீ போ." எனக்கு நித்திரை வருவதில்லை.

உங்கள்
யது


வவுனியா
07.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. அழுதேன், மிளகாய்த்தூளால் மட்டும் இல்லை. என் வாயால் சொல்ல முடியாததை உன் வாய்க்குள் வைத்துவிட்டேன். நீ சொல்லிவிடுவாய் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். அது சரியான கோழைத்தனம்.

அடுத்த மாதம் இந்தப் பாடத்தை ஜூனியர்களோடு இருந்து திரும்ப எழுதலாம். நான் எழுதப்போவதில்லை. வெள்ளிக்கிழமை உடுப்போடு வீட்டுக்கு வருகிறேன். "படிச்சது காணும்" என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கே விழுந்தேன் என்று கேட்பாய். முதல் கேள்வியில். மூன்று அணுக்கள் இருக்கின்றன. ஆறு சக்திப் பொட்டலங்களை அவற்றுக்குள் எத்தனை விதமாகப் பங்கிடலாம்? நான் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மூன்று வழி என்று எடுத்து, மூன்றை ஆறு தடவை பெருக்கி 729 என்று எழுதினேன். அந்த எண்ணில் இருந்துதான் எந்திரப்பி என்ற ஓர் அளவு வரும், அதில் இருந்து வெப்பநிலை வரும். கடைசிப் பக்கம் வரை பிழை. அறையில் இருக்கும் கிருசாந்தி மூன்று தரம் விளங்கப்படுத்தினாள். சூத்திரம் மனப்பாடமாக இருக்கிறது, ஏன் என்று விளங்கவில்லை. விளங்காததை இரண்டாம் தரம் எழுதி என்ன?

பார்சல் வந்த வெற்றுப் பெட்டியை பஸ் நடத்துநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இது அட்டைக்கு அடியில் இருக்கும்.

அக்கா


துணுக்காய்
10.06.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

தயவுசெய்து வெள்ளிக்கிழமை வராதீர்கள். முதலில் இதை வாசியுங்கள்.

உங்கள் கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் மூன்று பாடவேளை யோசித்தேன். எனக்கு அணு தெரியாது. ஆனால் தண்ணீர் முறை தெரியும். நான் இப்போது எழுதும் கொப்பியை எனக்கு முதல் எழுதியது நீங்கள்தானே, எப்படி மறந்தீர்கள்?

எங்கள் வாய்க்காலில் மூன்று வயல்: தலையில் செல்வராசா மாமா, நடுவில் நாங்கள், கடைசியில் வடிவம்மா அக்கா. ஆறு மணித்தியாலம் தண்ணீர். கடைசி வயலில் தொடங்கி மேலே வருவது என்பது என்றைக்கும் மாறாத வரிசை. ஆகவே அப்பா எழுதச் சொல்வது ஆளுக்கு எத்தனை மணித்தியாலம் என்பதை மட்டும்தான். நாலாவது மணித்தியாலத்துத் தண்ணீர், ஐந்தாவது மணித்தியாலத்துத் தண்ணீர் என்று எழுதச் சொல்வாரா? வயலுக்குப் பெயர் இருக்கிறது, தண்ணீருக்குப் பெயர் இல்லை. நீங்கள் பொட்டலங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துவிட்டீர்கள் போல இருக்கிறது. அதனால்தான் 729.

நான் இப்படி எண்ணினேன். மாமாவுக்கு ஒன்றும் இல்லை என்றால், மீதி ஆறையும் நாங்களும் வடிவம்மா அக்காவும் ஏழு விதமாகப் பிரிக்கலாம். மாமாவுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் ஆறு விதம். இரண்டு என்றால் ஐந்து. அப்படியே போய், ஆறும் மாமாவுக்கே என்றால் ஒரே ஒரு விதம். எல்லாம் கூட்ட 28.

பிழை என்றால் சிரிக்காதீர்கள். அம்மா இருமும் சத்தம் கேட்கிறது, ரோச்சை அணைக்கிறேன்.

யது


வவுனியா
13.06.2025

என் யது,

28தான். விடை 28.

உன் கடிதத்தைக் கிருசாந்திக்கும் காட்டினேன். "உன்ர தங்கச்சியை இங்க அனுப்பிப்போட்டு நீ போய் வயலைப் பார்" என்றாள். அவளுக்கு வாய் அதிகம்.

நீ எழுதிய ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கும் வரிசையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அணுக்களுக்குச் செயலாளர் இல்லை, யது. ஆருக்கு எவ்வளவு என்று நியாயம் பார்க்க ஒருவரும் இல்லை. இருபத்தெட்டு விதத்துக்கும் ஒரே வாய்ப்பு. ஓர் அணுவிடம் ஒன்றும் இல்லாமல் இருக்க ஏழு விதம், எல்லாமே அதனிடம் இருக்க ஒரே ஒரு விதம். அதனால்தான் எப்போதும் பல அணுக்களிடம் கொஞ்சமும், மிகச் சிலவற்றிடம் நிறையவும் இருக்கிறது. மூன்று மாதம் நான் பாடமாக்கிய அத்தியாயம் முழுக்க இதுதான். அதற்குப் பிறகு இரவு இரண்டு மணி வரை பழைய வினாத்தாள் செய்தேன். ஒருவரும் சொல்லித் தராமல் செய்தேன்.

நான் வீட்டுக்கு வரவில்லை. திரும்ப எழுதுகிறேன்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். இந்தப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் பெயர் போட்ட கடிதம் இருக்கிறது. அதில் எல்லாம் எழுதியிருக்கிறேன். உன்னைப் பொய் சொல்ல வைத்தது நான் என்றும், 729 எப்படி 28 ஆனது என்றும். சனிக்கிழமை அப்பாதான் பஸ்ஸுக்குப் போவார். பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஞாயிறுக்கு முதல் அவருக்குத் தெரியவேண்டும்.

அக்கா


துணுக்காய்
15.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதைக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். லைற் எரிகிறது.

நேற்று அப்பா உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "வாசிக்கேக்க உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டியள் அப்பா."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இரவு சாப்பிடவில்லை. அம்மா "பெட்டையள் பயந்துபோச்சினம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னா.

இன்றைக்குக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போன அறிக்கையை வாசித்துக்கொண்டு வந்து, அந்த இடத்தில் நிறுத்தினார். "இதில ஒரு பிழை இருக்கு. என்ர மூத்தவள் ஒரு பாடம் விட்டுட்டாள். திரும்ப எழுதிறாள். நான் எல்லாம் எண்டு சொல்லிப்போட்டன்." எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது.

செல்வராசா மாமா எழும்பினார். "செயலாளர், தட்டின கையைத் திருப்பித் தரேலாது. ஏழு பாடத்துக்கு வச்சிருங்கோ."

வடிவம்மா அக்கா விடவில்லை. "எங்க வயலுக்குப் போன முறை தண்ணி வரலன்னு சொன்னேனே, அதையும் இப்பிடி ஒடனே திருத்தினீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

கொப்பியை என்னிடம் தந்து, எழுது என்றார். "ஆர் பிழை விட்டது எண்டு எழுதவோ அப்பா?" என்று கேட்டேன்.

"பிழையைத்தான் எழுதிறது. ஆரெண்டு எழுதிறேல்லை."

எழுதியது இதுதான்: "திருத்தம்: செல்வி சி. பிரியந்தினி ஏழு பாடங்களில் சித்தியடைந்துள்ளார். ஒரு பாடத்துக்கு மீண்டும் தோற்றுகிறார். முன்மொழிந்தவர் திரு. செல்வராசா. வழிமொழிந்தவர் திருமதி வடிவம்மா. சபை ஏற்றுக்கொண்டது." அப்பா கீழே கையெழுத்து வைத்தார்.

என் படிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு எனக்கு ரியூசன். சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தின் கடைசியில் கொஞ்ச இடம் விடச் சொன்னார். விட்டிருக்கிறேன்.

உங்கள்
யது

28 சரி. நெருப்புக்குச்சி அடுக்கி எண்ணிப் பார்த்தேன். பதறாமல், ஆறுதலாக எழுது பிள்ளை.
அப்பா